சிரிப்பில்லாத முகம்

நம்மிடம் முன்னர் பயின்ற இளைஞன் ஒருவன் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அவனோடும் அவன் தாயோடும் மன்னார் நகரில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்றிருந்தோம். "வாயை மூடுங்கோ தம்பி, சிரிக்க வேண்டாம்" என்றார் படம் பிடிப்பவர். பையனோ மத்திய கிழக்கில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தான். நான்காம் முறையிலேதான் அம்மகிழ்ச்சியை அவன் முகத்திலிருந்து அகற்ற முடிந்தது.

விதியின் காரணம் விளங்காததன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் எல்லைகளில் மனிதரை இனங்காணும் முதன்மை அடையாளமாக முகத்தைத் தெரிந்தெடுத்தது. பொறி முகத்தின் அமைப்பை அளந்து ஒப்பிடுகிறது; சிரித்தால் கன்னம் உயர்ந்து உதடு விரிய, அளவு பிசகுகிறது. இதனைப் பெருங்கொடுமை என்று கூக்குரலிடுவது நமக்கு உடன்பாடன்று. நம்மை உறுத்தும் வினா வேறு: ஒருவனுடைய முகத்தைத் தன் விதிப்படி கேட்டுப் பெற்ற அரசு, அம்முகத்துக்கு எவ்வகையில் கடமைப்பட்டிருக்கிறது?

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்போடப்பட்டது. மலையகத்திலிருந்து வந்து தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறியோரில் அழாதவர் எத்தனை பேர்? கடவுச்சீட்டில் அவர்கள் அழாமலே இருந்திருப்பர்.

போர் முடிந்த பின் நாம் காண்பது இன்னும் கொடியது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தன் முதற் பொதுக் கூட்டத்தை 2018 மே மாதத்தில் இம்மன்னாரிலேயே நடத்தியது. இத்தகைய இடங்களுக்குத் தாய்மார் ஏந்தி வரும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். பல, அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. வறிய வீட்டில் வேறு படம் ஏது? "இந்தப் படத்தில இருக்கிற மாதிரி அவன் ஒருநாளும் இருக்கேல்ல, சேர், எப்பவும் சிரிச்ச முகம்" என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார்.

பிறனோடு மயங்காதிருக்கவே அன்றோ அரசு அவனை அவ்வாறு அசையாது இருத்தியது? அதே முகம் திரும்பத் தன்முன் நீட்டப்படுகையில், "இவரை நாம் அறியோம்" எனும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது? எல்லையில் நிறுத்துவதற்கு மட்டும் அறிவது அறிதல் ஆகாது. காக்கவும், கணக்குச் சொல்லவும் கடமைப்படாத அரசு முகம் கேட்பது, பற்றுச்சீட்டுக் கொடாமல் பொருளை வாங்கிக்கொள்வது போன்றதே.

படப்பிடிப்பு நிலையத்தில் பையனின் தாய், சிரித்த படம் ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்றார். செல்லாத படங்களை அழித்துவிட்டதாகக் கூறினார் படம் பிடிப்பவர். பையனை மீண்டும் இருத்தி, வேறாகக் காசு கொடுத்து, இன்னொன்று எடுப்பித்தோம்.