வானத்து முசாபிர்கள்



ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை தொடங்கும் காலத்தில் நம் கடலோர ஊர்களுக்குத் தூரதேசத்து விருந்தாளிகள் வந்து இறங்குகின்றனர். சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு முத்துப்பேட்டைக் காயலோரத்திலோ, 1967-ல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலோ சற்றுநேரம் நின்று பாருங்கள். பூநாரைகள் ஆழமில்லாத நீரில் வரிசையாக நின்று இரைதேடும். உள்ளான்கள் கூட்டமாக எழும்பி, ஒன்றோடொன்று மோதாமல் ஒரே நொடியில் திரும்பும்.

இவற்றுள் கொசு உள்ளான் என்பது முப்பது கிராம் அளவே எடையுள்ள சிறு பறவை. வடகோடிச் சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிர் இறுகுமுன் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிறது. தாய்ப் பறவைகள் முன்னரே புறப்பட்டுவிடுகின்றன. அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளோ பின்னர் தாமாகவே கிளம்பி வந்து சேருகின்றன. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்த சக்தி ஆகியவற்றால் பறவைகள் திசையறிகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கின்றனர். அப்படி அறியும் அறிவை அந்தக் குஞ்சுக்குள் வைத்தவன் யார்?

தலைக்குமேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மனிதர் பார்க்கவில்லையா என்று ‘அல்முல்க்’ அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கிறான். அவற்றைத் தாங்குபவன் ரஹ்மானே என்றும் உணர்த்துகிறான். இந்த சூராவை நம்மில் பலர் இரவுதோறும் ஓதுகிறோம். ஓதிய நாம் விடிந்தபின் அண்ணாந்து பார்க்கிறோமா?

தவக்குல் என்பதற்கும் நபிபெருமானார் (ஸல்) அவர்கள் பறவையையே உதாரணம் காட்டினார்கள். காலையில் வெறும் வயிற்றோடு போய், மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்கு உணவளிப்பதுபோல் நமக்கும் அல்லாஹ் அளிப்பான் என்பது அதன் கருத்து. பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நெடும்பயணம் செல்லும் உள்ளானும் முன்கூட்டியே நன்றாகத் தின்று, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே புறப்படுகிறது. முயற்சியும் அதனுடையதுதான், நம்பிக்கையும் அதனுடையதுதான்.

இத்தகைய முசாபிரை வலைவிரித்துப் பிடித்து விற்பாரும் உண்டு. வாங்கிச் சமைப்பாரும் உண்டு. கேட்டால், “உள்ளான் ஹலால்தானே, ஹஜ்ரத்?” என்கின்றனர். பிராணி ஹலால் என்பது வேறு, அது நம் சட்டிக்கு வந்த வழி வேறு. வலையில் சிக்கி, அறுக்குமுன்பே செத்தது ‘மைத்தா’. அதைத் தின்பது ஹராம். விற்பவன் கையிலிருப்பது எப்படி உயிர்விட்டது என்று நமக்கு என்ன தெரியும்? மேலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுத்திருக்கிறது. வேறு உணவுக்கு வழியிருக்கும்போது, நாவின் ருசிக்காகச் சட்டத்தை மீறுவது முஃமினுக்கு அழகல்ல.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் துடித்தது. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், குஞ்சுகளை அதனிடமே திருப்பிவிடுமாறு பணித்தார்கள். அபூதாவூதில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. அந்தக் கருணை நபியின் உம்மத் நாம்!

1896-ல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன இனம் என்று விசாரிக்கப் புறப்பட்டார். அந்தக் கேள்வியே அவரை உலகறிந்த பறவை அறிஞராக்கியது. நம் பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுப்போம்.

உண்டிவில்லை வாங்கி வைத்துவிட்டு, வாப்பாமார்கள் பிள்ளைகளைக் காயலோரம் அழைத்துச் செல்லுங்கள். கூச்சலிடாமல், கல்லெறியாமல், தள்ளி நின்று பார்க்கட்டும். “சுப்ஹானல்லாஹ்” என்று சொல்லட்டும். தாய்மார்களே, வலையில் பிடித்த உள்ளான் வாசலுக்கு வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். வாங்குபவர் இல்லையென்றால் வலை விரிப்பவரும் இருக்கமாட்டார்.

படைப்புகளைக் கண்டு படைத்தவனை அறியும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.