குன்றுதோறாடலும் எங்க அப்பாவோட முழங்காலும்



முருக சொந்தங்களே, இந்த வாரம் விரத முறையோ பாடல் விளக்கமோ எழுதல. ஒரு வீட்டுச் சண்டையைப் பத்தி எழுதுறேன். எங்க வீட்டுச் சண்டைதான். நாலு மாசமா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் காசிமேட்டுக்காரன். எங்க அப்பா துறைமுகத்துல சரக்கு இறக்குற வேலையில 35 வருஷம் இருந்து, 60 வயசுல வெளியில வந்தவரு. இப்போ 64. ரிட்டயர் ஆன முதல் மாசம் வீட்ல உக்காந்து டிவி பாத்தாரு, ரெண்டாவது மாசமும் பாத்தாரு. மூணாவது மாசம் கிருத்திகை அன்னிக்கு தனியா சென்ட்ரல் போயி திருத்தணி லோக்கல் ஏறிட்டாரு. சாயங்காலம் நெத்தி நிறைய விபூதியோட திரும்பி வந்தவரு வேற ஆளா இருந்தாரு. அதுக்கப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியல.

அவரோட ஒரு வாரம் எப்படின்னு சொல்றேன். காலையில அஞ்சு மணிக்கு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் நடை. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி, இல்லன்னா குன்றத்தூர். கிருத்திகைன்னா திருத்தணிதான், 365 படியும் ஏறித்தான் போவாரு, பஸ்ல மேல போறது அவருக்குப் பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை பழனி பாதயாத்திரை. தெருவுல யாராச்சும் தவறிட்டா பந்தல் போடுறதுல இருந்து ஐஸ் பெட்டி ஏற்பாடு வரைக்கும் அவருதான் முதல் ஆளு. ரத்ததான முகாம் நடந்தா பசங்களைத் திரட்டிக்கிட்டு வருவாரு. கேரம் டோர்னமெண்ட் வெச்சா டீயும் பிஸ்கட்டும் அவரு செலவு. (2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா மூணு தங்கம் வாங்கினப்போ, ஏதோ இவரே ஸ்ட்ரைக்கரைத் தட்டின மாதிரி தெருவுக்கே ஸ்வீட் குடுத்தாரு.) ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ பம்பை அடிச்சா போதும், லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிடுவாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஆடுவாரு. காவடி எடுத்தா தோள்ல இருக்கிற பாரம் அவருக்குத் தெரியவே தெரியாது.

சண்டை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் என் மனைவியும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பொண்ணு ரெண்டாவது படிக்குது. ஸ்கூல் விடுறது மூன்றரைக்கு, கூட்டிட்டு வர்றது தாத்தா வேலை. அன்னிக்கு கிருத்திகையும் செவ்வாயும் ஒண்ணா வந்துடுச்சு, திருத்தணியில கூட்டம். ஒரு காவடிக் கூட்டத்தோட சேர்ந்து ஆடிட்டு, ரயிலை விட்டுட்டாரு. போன்ல சார்ஜ் இல்ல. பாப்பா ஸ்கூல் கேட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல தனியா நின்னு அழுதிருக்கு. நான் ஆபீஸ்ல இருந்து பைக்கை ஓட்டிட்டு வந்து பாத்தப்போ வாட்ச்மேன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்துச்சு, முகமெல்லாம் வீங்கிப் போயி.

ராத்திரி அப்பா வந்ததும் கத்திட்டேன். "நைனா, உனக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இந்த வயசுல ஆட்டம் ஒரு கேடா?" அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரு பதிலே சொல்லல. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, பாப்பா பக்கத்துல போயி படுத்துக்கிட்டாரு. மறுநாள்ல இருந்து கரெக்டா மூணே காலுக்கு ஸ்கூல் கேட்டுல நிப்பாரு. மலைக்குப் போறதை விட்டாரு. ஆட்டத்தை விட்டாரு. நடையையும் விட்டாரு. திரும்பவும் டிவி.

நம்ம சாமி மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறினாரு. எங்க வீட்ல அப்பா மலையேறினதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்னு அப்போ ஜோக்கா நினைச்சேன்.

ஆனா கேள்வி விடல. அவரு பண்ணினது தப்புதான், பச்சப்புள்ளையைக் காக்க வெச்சது தப்பு. அதுக்காக அவரோட ஆட்டமே தப்பாகிடுமா? ரிட்டயர் ஆனவரோட நேரம் யாருக்குச் சொந்தம்? அவருக்கா, பெத்த புள்ளைக்கா, பேரப்பிள்ளைக்கா?

நாம எல்லாரும் ரிட்டயர்மெண்டை ரொம்ப பழைய விஷயம் மாதிரி நினைக்கிறோம். உண்மையில அது புதுசு. ஜெர்மனியில 1889-ல முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தப்போ 70 வயசு ஆனாத்தான் பணம். அத்தனை வயசு இருந்தவங்க ரொம்ப கம்மி. நம்ம தமிழ்நாட்டு அரசு வேலையில 58-ஆ இருந்த ஓய்வு வயசு 2020-ல 59, 2021-ல 60 ஆச்சு. 60-க்கு மேலயும் இருபது வருஷம் தெம்பா நடமாடுற ஒரு கூட்டம் நம்ம தாத்தா காலத்துல இந்த அளவுக்குக் கிடையாது. அதனால அவங்க எப்படி இருக்கணும்னு நமக்குச் சரியான பழக்கம் இன்னும் வரல. வானப்பிரஸ்தம்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, எல்லாத்தையும் விட்டுட்டு காட்டுக்குப் போறது. எங்க அப்பா காட்டுக்குப் போற ஆளு இல்ல. மலைக்குப் போயிட்டு சாயங்காலம் மீன் குழம்புக்கு வீட்டுக்கு வந்துடுற ஆளு. (கிருத்திகை அன்னிக்கு மட்டும் சாம்பார்.) சீனாவுல ரிட்டயர் ஆன அம்மாக்கள் சாயங்காலம் பொது இடத்துல பாட்டுப் போட்டு கூட்டமா ஆடுறாங்க, சத்தம் தாங்கலன்னு அக்கம்பக்கத்துல சண்டையும் நடக்குதாம். வயசானவங்க சந்தோஷத்தோட சத்தம் எல்லா ஊர்லயும் யாரையாவது உறுத்துது போல.

அப்போதான் குன்றுதோறாடல் ஞாபகம் வந்துச்சு. ஆறுபடை வீட்டுல அஞ்சாவதா அதைச் சொல்லுவோம், திருத்தணின்னு கணக்கு வெப்போம். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில 317 வரி இருக்கு. அதுல திருப்பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி, ஏரகம், பழமுதிர்சோலைன்னு இடம் இடமா சொல்லிட்டு வர்றவரு, இந்த ஒண்ணை மட்டும் ஒரு ஊர்ப் பேரா சொல்லல. குன்றுதோறும் ஆடல். குன்று எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஆட்டம். மலைவாசிகள் பறை அடிச்சு குரவை ஆடுறாங்க, முருகன் தள்ளி நின்னு வேடிக்கை பாக்கல, கூட சேர்ந்துக்கிறாரு. மலையேறுறதும் ஆடுறதும் ஒரே வார்த்தையில வந்துடுது. அது சாமியோட வீடுன்னே பேரு வாங்கியிருக்கு. நான் அதைத்தான் "ஒரு கேடா"ன்னு கேட்டிருக்கேன்.

சிலப்பதிகாரத்துல மாதவி ஆடுற பதினோரு ஆடல்ல ரெண்டு முருகனோடது. ஒண்ணு குடை. இன்னொண்ணு துடி. துடி எங்க ஆடினாருன்னா கடல் நடுவுல, அலையே மேடை, சூரனை ஜெயிச்சதுக்கு அப்புறம். காசிமேட்டு ஆளுக்கு இதை விட என்ன வேணும் சொல்லுங்க! பெரிய வேலை ஒண்ணு முடிஞ்ச பிறகு ஆடுற ஆட்டம் அது. 35 வருஷம் சரக்கு இறக்கின மனுஷன் வேலை முடிச்சு ஆடுறாரு. இடும்பன் கதையும் அப்படித்தானே? அகத்தியருக்காக சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் கம்புல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தவன் ஒரு சுமைக்காரன். அவன் சுமந்த சுமைதான் இன்னிக்குக் காவடி, அதை வெச்சு நாம ஆடுறோம். எங்க அப்பா காவடியில நல்லா ஆடுறதுக்குக் காரணம் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கூலிக்காக தூக்கின அதே தோள்தான், இப்போ யாரும் கேக்காம தூக்குது.

இதையெல்லாம் யோசிச்சு, அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு முடிவு பண்ணினேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரை உக்கார வெச்சு, குன்றுதோறாடல்ல இருந்து இடும்பன் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். "நீ சுமந்து முடிச்சிட்ட நைனா. இனிமே உன் நேரம் உன்னுது"ன்னு முடிச்சேன். அவரு கண்ணு கலங்கிடுச்சு. பதிவு எழுதினா இங்கேயே முடிச்சிடலாம்னு கூட நினைச்சேன்.

அப்போ அம்மா உள்ள இருந்து வந்தாங்க. ஞாயித்துக்கிழமை வியாபாரம் முடிச்சிட்டு வந்து, இன்னும் குளிக்கக்கூட இல்ல.

"அவரு சுமந்தாரு, இறக்கி வெச்சாரு, சரி. நான் கூடையை எப்ப இறக்குறதுன்னு எந்த சாமி கதையிலயாவது போட்டிருக்கா, பாத்து சொல்லு."

அப்பாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம்.

எங்க அம்மாவுக்கு 59 வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போவாங்க. லாஞ்சுல இருந்து இறங்குற மீனை ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, விடியறதுக்குள்ள வித்தாகணும். சங்கரா, நெத்திலி, கெடைச்சா வஞ்சிரம். பதினோரு மணிக்கு வீடு, அப்புறம் சமையல். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகக்கூடாது, கடலுக்கே லீவு. அப்பவும் அம்மா ஃபைபர் போட்டு மீனுக்காக கரையில நிப்பாங்க. பென்ஷன் கிடையாது, கடைசி நாள்னு மாலை போட்டு அனுப்புறதும் கிடையாது.

அப்பா காலையில அஞ்சு மணிக்கு நடந்து போறாருன்னு சொன்னேன் இல்ல? அது அம்மா வித்துக்கிட்டு இருக்கிற இடத்தைத் தாண்டித்தான். நாலு வருஷமா தாண்டிப் போயிருக்காரு. செவ்வாய்க்கிழமை மலைக்குப் போறப்போ டிபன் பாக்ஸ்ல இருந்த லெமன் சாதம் யாரு கட்டினது? நான் யாருக்குச் சொந்தம்னு கேட்ட அந்த நேரக் கணக்குல அம்மாவோட நேரம் வரவே இல்ல. அப்பாவுக்கும் எனக்கும் நடந்த சண்டை உண்மையில ரெண்டு ஆம்பளைங்க, மூணாவது ஆளோட உழைப்பு மேல நின்னு போட்ட சண்டை. நக்கீரரைப் படிச்சிட்டு வந்தவனுக்கு இது தெரியல.

அதுக்காக அப்பாவோட ஆட்டம் மறுபடியும் தப்பாகிடுச்சுன்னு நான் நினைக்கல. அவரு வீட்ல முடங்கிக் கிடந்த அந்த ஒரு மாசத்துல அம்மாவுக்கு ஒரு கூடை கூட குறையல. சந்தோஷத்தை நிறுத்தினா நியாயம் வந்துடும்னு இல்ல. ஆனா ஒருத்தர் ஓய்வு இன்னொருத்தர் ஓயாம இருக்கிறதால நடக்குதுன்னா, அந்த ஓய்வுக்கு என்ன பேரு வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல. பக்தியா இருந்தாலும் சரி.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, பெருசா ஒண்ணும் ஆகல. அப்பா காலை நடையை மூணு மணிக்கு மாத்திக்கிட்டாரு, ஏலத்துக்கு அம்மா கூட போயி கூடையைத் தூக்குறாரு. முதல் நாள் அங்க இருந்தவங்க எல்லாம் கிண்டல் பண்ணியிருக்காங்க. முழங்கால் வலிக்குதுன்னு ரெண்டு நாள் போகல, அதுக்கு அம்மா குடுத்த டோஸை இங்க எழுத முடியாது. நான் ஷிஃப்ட் மாத்திக் கேட்டு, செவ்வாய், வியாழன் பாப்பாவை நானே கூட்டிட்டு வர்றேன். அம்மா வியாபாரத்தை விடல. "விட்டுட்டு உங்க ரெண்டு பேரு மூஞ்சைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு ஓய்வுன்னா என்ன வேணும்னு கேட்டப்போ, ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "தெரியல"ன்னாங்க. அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணிக்கு எல்லாரும் போனோம். வியாபாரத்துக்கு ஒரு நாள் லீவு, அம்மா வாழ்க்கையில அபூர்வம். ரயில்ல திருவாலங்காடு ஸ்டேஷன் தாண்டுறப்போ காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னேன். பேய் உருவம் கேட்டு வாங்கி, கைலாயத்துக்குத் தலையால நடந்து போயி, இந்த ஊர்ல சிவனோட ஆட்டத்துக்குக் கீழ உக்காந்து பாடினவங்கன்னு. "அந்தம்மாவுக்கு வீட்ல சமையல் இல்லாமப் போச்சு, அதான்"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அடிவாரத்துல அப்பா பெருமையா, "மொத்தம் 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி"ன்னாரு.

அம்மா மேல அண்ணாந்து பாத்தாங்க. "அதுலயும் ஒரு நாள் கூட லீவு இல்லையா?"

அம்மா ஏறினாங்க, நிறைய இடத்துல நின்னு நின்னு. மஞ்சள் குங்குமம் கொண்டு வந்திருந்தாங்க, முடிஞ்ச படிக்கெல்லாம் வெச்சுக்கிட்டே வந்தாங்க. மேல தரிசனம் முடிய நாலு மணி நேரம் ஆச்சு. வெளியில ஒரு ஓரமா நிழல் பாத்து உக்காந்தவங்க, பையைத் தலைக்கு வெச்சு அப்படியே தூங்கிட்டாங்க. பகல்ல அவங்க தூங்கி நான் பாத்ததே இல்ல.

பக்கத்துல பூக்காவடிக் கூட்டம் ஒண்ணு வந்துச்சு. பம்பை, உடுக்கை, அரோகரா சத்தம் காதைப் பிளக்குது. அம்மா அசையல. அப்பா பிரசாதத் தட்டால அவங்களுக்கு விசிறிக்கிட்டு இருந்தாரு. "போயி ஆடிட்டு வா நைனா, நான் பாத்துக்கிறேன்"ன்னேன். தலையை மட்டும் ஆட்டினாரு, எழுந்திருக்கல. கீழ பாத்தா, வலது கால் கட்டை விரல் மட்டும் தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

ஓம் சரவணபவ.