விளையாட்டும் நற்குணமும்

ஆரம்பப் பள்ளியில் விளையாட்டு வேளை. சிறுவர்கள் சடுகுடு ஆடுகிறார்கள். பாடி வந்தவனின் விரல் நுனி ஒருவன் தோளில் பட்டுவிடுகிறது. பாடியவனும் தன் எல்லைக்குத் திரும்பிவிட்டான். ஆசிரியர் அதைக் கவனிக்கவில்லை. எனினும், தொடப்பட்டவன் தானே வெளியேறுகிறான். ஊதலுக்கு அஞ்சி அவன் அவ்வாறு செய்யவில்லை. பின் எதற்காகச் செய்தான்? பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

தண்டனையாலும் பரிசாலும் ஒழுங்கை வரவழைத்துவிடலாம். ஆனால் ஒழுங்கு வேறு, நற்குணம் வேறு. உள்ளத்தில் வேரூன்றி, தயக்கமின்றிச் செயல்களை எளிதாகப் பிறப்பிக்கும் நிலையே ‘குலுக்’ என்னும் குணம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் இலக்கணம் வகுக்கிறார்கள். முதலில் வலிந்து செய்யும் நற்செயலே பழகப் பழக இயல்பாகிறது என்றும் விளக்குகிறார்கள். பாடம் முடித்த பிள்ளையை விளையாட விடாமல் தடுப்பது அதன் உள்ளத்தை மடியச் செய்யும் என்று எச்சரித்திருப்பதும் அந்நூலில்தான்.

ஆகவே, தொடக்கத்தில் ஊதல் வேண்டும். நாளடைவில் அது ஓயவும் வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வறிய பகுதிச் சிறுவர்களிடையே பணியாற்றிய உடற்கல்விப் பேராசிரியர் டான் ஹெலிசன் இதற்கென ஐந்து படிகளை வகுத்தார். பிறர் உரிமையை மதித்தல், முயற்சி, தன்னைத் தானே நடத்திக்கொள்ளல், பிறருக்கு உதவுதல் என்பன நான்கு. இந்நான்கையும் திடலுக்கு வெளியே வாழ்விலும் கடைப்பிடித்தல் ஐந்தாவது. வகுப்பின் முடிவில், பிள்ளைகள் தம் நடத்தையைத் தாமே சீர்தூக்கிப் பார்க்கவும் அவர் நேரம் ஒதுக்கினார்.

ஆசிரியருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. இரு தலைவர்களை நிறுத்தி, ஒவ்வொருவராய்ப் பொறுக்கச் சொல்கிறோம். இறுதிவரை எவரும் அழைக்காமல் நிற்கும் பிள்ளை, தான் வேண்டாதவன் என்பதைக் கற்கிறது. மற்றவர்கள், வலுவற்றவனை ஒதுக்கலாம் என்பதைக் கற்கிறார்கள். அணிகளை ஆசிரியரே பிரிக்கட்டும். நீதியை நாவால் போதித்துவிட்டு, அநீதியைச் செயலால் பழக்கலாகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். உண்மையை ஒப்புக்கொண்டதால் அச்சிறுவனின் அணி அன்று தோற்றிருக்கலாம். வீடு திரும்பியவனிடம், “வென்றாயா?” என்று மட்டும் நாம் கேட்போமாயின், அடுத்த முறை விரல் படும்போது அவன் பேசாமல் நின்றுவிடுவான். அன்று தோற்பது அவன் மட்டுமல்ல, நாமுந்தான்.