அரபுப் படவிழாவில் நாம் யாரைப் பார்க்கப் போகிறோம்?

அரபு நாட்டுத் திரைப்படங்களைத் திரட்டி விழா எடுப்பது உலகின் பல நகரங்களில் நடந்து வருகிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1990களின் நடுவிலேயே அத்தகைய விழாவைத் தொடங்கிவிட்டார்கள். நமது பத்து பாகாட்டிலும் ஒரு மண்டபத்தைப் பிடித்து, இரண்டு நாள் படம் காட்டி, கம்பூஸ் இசையும் ஸாப்பின் ஆட்டமும் சேர்த்து நடத்தினால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். ஜொகூர் மண்ணில் இது பொருந்தாத ஆசையன்று. ஸாப்பினே ஹளரமௌத்திலிருந்து வந்த அரபியர் வழியாக இங்கே வேரூன்றிய ஆட்டந்தான்.

சினிமா ஆகுமா, ஆகாதா என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். தவிரவும், கல்லாவில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் படம் பார்க்கிற காலத்தில், மண்டபத்தில் பார்க்கும் படத்துக்கு மட்டும் தடை கேட்பது வேடிக்கையாக இருக்கும்.

நமது கேள்வி வேறு. அரபுக் கலாசாரத்தைக் கொண்டாடுவோம் என்கிறபோது, நாம் கொண்டாடப் போவது யாரை?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் அரபு எழுத்துள்ள காகிதம் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி, கால் படாத உயரத்தில் வைப்போம். அது பேரீச்சம்பழப் பெட்டியின் சீட்டாக இருக்கலாம். சவர்க்கார விளம்பரமாகவும் இருக்கலாம். பொருள் தெரிந்தால்தானே சொல்ல முடியும்! இந்த மரியாதையை நாம் பழிக்கவில்லை. குர்ஆனின் எழுத்து என்ற அன்பில் பிறந்தது அது. தமிழையே அந்த எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்று பெயரிட்டு, நூல்கள் இயற்றியவர்கள் நம் முன்னோர். ஆனால் அந்தக் காகிதத்தைப் போலவே, அம்மொழியைப் பேசும் மனிதர்களையும் நாம் படித்துப் பாராமலே உயரத்தில் வைத்துவிடுகிறோம். அரபியருக்குப் பிறரைவிட, பிறருக்கு அரபியரைவிட, இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின்போது அறிவுறுத்தியது நமக்குத் தெரியாததன்று. தெரிந்தும், அரபியரைச் சாதாரண மனிதராகப் பார்க்க ஏனோ நமக்குக் கூச்சம்.

மறுபுறம், திரையில் நமக்கு அறிமுகமான அரபியர் யார்? 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் எடுத்துக் காட்டிய அலிபாபாவும் நாற்பது திருடர்களும்! மலாய் மொழியிலே பி. ராம்லி 1961இல் அதே அலிபாபாவை வைத்துச் சிரிக்க வைத்தார். 1930களில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் பேசும்படமே ‘லைலா மஜ்னுன்’. அதை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹான்ஸ் ஓர் இந்தியர். அரபியரைப் பற்றி அரபியரைத் தவிர எல்லோரும் படம் எடுத்தோம் என்று சொல்லிவிடலாம். வீட்டில் புனிதர், கொட்டகையில் வாளேந்திய திருடர். இரண்டுக்கும் நடுவே இருக்கிற மனிதரை நாம் சந்தித்ததே இல்லை. மூட்டையில் குத்தூசி போட்டு நாலு மணி அரிசியைக் கையில் கொட்டிப் பார்க்காமல் விலை பேசாத நாம், ஒரு மக்கட்கூட்டத்தின் விஷயத்தில் மட்டும் சாக்கின் மேலுள்ள முத்திரையோடு திருப்தியடைந்துவிட்டோம்.

அந்த மனிதரைக் காட்டும் படம் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண்மணி 2012இல் எடுத்த ‘வஜ்தா’. அப்போது அந்நாட்டில் சினிமாக் கொட்டகைகளே கிடையா. 2018இல்தான் மீண்டும் திறந்தார்கள். ரியாத் நகரத் தெருக்களில் ஆண்களோடு நின்று வேலை வாங்க இயலாமல், அவர் ஒரு வண்டிக்குள் அமர்ந்து கம்பியில்லாக் கருவி மூலம் சொல்லிச் சொல்லி இயக்கினார்.

கதை மிக எளிது. பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு சைக்கிள் வேண்டும். விலை 800 ரியால். பள்ளியில் கைவளையம் விற்றுக் காசு சேர்க்கிறாள். (நம் இனம்தான்!) அது போதாமல், 1,000 ரியால் பரிசுக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து, பாடுபட்டுப் படித்து வெல்கிறாள். பணத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க, சைக்கிள் வாங்குவேன் என்கிறாள். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைக்குச் சைக்கிளா? அந்தப் பணத்தைப் பாலஸ்தீன மக்களுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடுவோம் என்று அவளைக் கேட்காமலே அறிவித்துவிடுகிறார்.

வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. பாலஸ்தீனத்துக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு எது? ஆயினும், நம் கடைச் சிப்பந்தி ஒருவருடைய சம்பளத்தை அவரைக் கேளாமல் எடுத்துப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு வந்தால், அதை நாம் தர்மம் என்போமா? உழைத்தவள் சிறுமி, கொடுத்த பெருமை இன்னொருவருக்கு. இழந்தது மட்டும் அவள் கணக்கில். தர்மத்தின் பெயராலே ஒருவரது உரிமையைப் பறிக்க முடியும் என்பதை இந்தப் படம் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது.

இத்தகைய படங்களைக் காட்டினால், நம் சமுதாயத்தின் குறையை நாமே மேடையேற்றியதாகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிற சமயத்தாரும் வந்து பார்ப்பார்களே! இந்தக் கவலை நியாயமானது, தள்ளிவிடக் கூடியதன்று. ஆனால் இது அரபியருக்கும் இருந்த கவலைதான். 1958இல் யூசுப் ஷாஹீன் கெய்ரோ ரயில் நிலையத்தை வைத்து ‘பாபுல் ஹதீத்’ எடுத்து, கால் ஊனமுற்ற பத்திரிகை விற்பவனாகத் தாமே நடித்தபோது, எகிப்து ரசிகர்கள் அதை வெறுத்து ஒதுக்கினார்கள். பாட்டும் ஆட்டமும் பார்த்துப் பழகியவர்களுக்குத் தங்கள் ஏழையின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்று அரபு உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றென்று அதையே அவர்கள் கொண்டாடுகிறார்கள். எடுத்த ஷாஹீன் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் சொல்லிவிடுவோம். அரபியர் எல்லோரும் முஸ்லிம்கள் என்றிருப்பது நம்மிடமுள்ள இன்னொரு சாக்கு முத்திரை.

காஸாவை மறந்து விழாவா என்றும் கேட்கலாம். மறக்க வேண்டியதில்லை. காஸாவில் பிறந்த ரஷீத் மஷராவி, யுத்தத்தின் நடுவே அங்குள்ளவர்களே எடுத்த 22 சிறுபடங்களைத் தொகுத்து 2024இல் உலகுக்குக் கொண்டுவந்தார். அவற்றைக் காட்டலாம். நன்கொடைப் பெட்டியும் வைக்கலாம். ஆனால் வஜ்தாவின் தலைமையாசிரியை செய்ததை நாம் அவர்களுக்குச் செய்துவிடக் கூடாது. அவர்கள் சொல்ல வந்ததைக் கேட்காமல், நம் பெட்டி நிறைவதற்கு அவர்களுடைய துயரத்தைப் பயன்படுத்திவிடக் கூடாது. படம் முடிந்து, பேசி முடித்து, பிறகு பெட்டி வரட்டும்.

அந்த 22இல் ஒன்று, கழுதை வண்டியில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஒருவரைப் பற்றியது. எடுத்தவர் எதிமாத் வஷாஹ் என்ற பெண்மணி. படம் பாதியில் நின்றுவிடுகிறது. அவரே திரையில் வந்து, தம் சகோதரரும் அவருடைய பிள்ளைகளும் கொல்லப்பட்டதாகவும், இதற்கு மேல் எடுக்கத் தம்மால் இயலவில்லை என்றும் சொல்கிறார். எடுக்க எண்ணியிருந்த முடிவை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.