காட்டிய பின் யார் பேசுவது?

படம் காட்டுவது இன்று எளிது. ஒரு காலத்தில் பங்கு மண்டபத்தில் படம் ஓட்டுவதென்றால் புரொஜெக்டர், திரை, மின்பிறப்பாக்கி என்று ஒரு வண்டிச் சாமான் வேண்டும். இன்று அத்தனையும் மறைக்கல்வி ஆசிரியரின் கைப்பைக்குள் அடங்கிவிடுகின்றன. ஐந்து, எட்டு நிமிடம் ஓடும் வீடியோ ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவைக்கும் முறை பாடசாலைகளிலும் பரவி வருகின்றது. நன்று. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை படத்தின் முன்னே பின்தங்குவதில்லை. இதில் எமக்கு மாறுபாடில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று: படம் முடிந்ததும் அதன் பொருளைச் சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டா?

கனடாத் தேசியத் திரைப்படச் சபைக்காக நோர்மன் மக்லரன் 1952இல் ஆக்கிய ‘அயலவர்’ என்னும் படம் எட்டு நிமிடமே ஓடும். ஒஸ்கார் பரிசு பெற்றது. மக்லரன் யுனெஸ்கோ நிறுவனத்தின் பணிக்காக 1949இல் சீனா சென்றவர். அவர் நாடு திரும்பிய காலத்தில் கொரியப் போர் மூண்டது. அந்த மனவேதனையில் பிறந்தது இப்படம். இரு அயலவர் நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கின்றனர். இருவர் வளவுக்கும் நடுவே ஒரு பூ முளைக்கின்றது. இருவரும் அதன் வாசனையில் மயங்கித் துள்ளுகின்றனர். பின் வேலி எழுகின்றது. பூ எந்தப் பக்கம் என்பதே வழக்கு. வேலித்தடியே வாளாகின்றது, வீடுகள் சரிகின்றன, முடிவில் இருவரும் மாள்கின்றனர். படத்தில் ஒரு வசனமும் இல்லை. உயிருள்ள மனிதரைப் பொம்மைகள்போல் சட்டம் சட்டமாகப் படம்பிடித்திருப்பதால், அவர்கள் நகர்வதே நகைப்பூட்டும்.

கதியாலை ஒரு சாண் தள்ளி நாட்டியதற்காகத் தலைமுறைக் கணக்கில் கோடேறிய நம் யாழ்ப்பாணத்தவருக்கு இப்படம் அந்நியமானதன்று. ஆகவே ஏழாந் தரப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினேன். வீடு சரிந்தபோது பின்வாங்கிலிருந்த ஒரு பையன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. படம் முடிந்த கையோடு, அயலாரை நேசிக்க வேண்டும் என்பதைப் பத்து நிமிடம் பிரசங்கித்தேன். பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். எவருக்கும் கேள்வி இருக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். உண்மையில் அவர்கள் விளங்கிக்கொண்டது, பாதர் என்ன சொன்னால் திருப்திப்படுவார் என்பதை மாத்திரமே.

குருமடத்தில் நாம் படித்துச் சோதனை எழுதி மறந்தவை சில வேளை காலந்தாழ்த்தி வந்து கதவைத் தட்டும். புனித அகுஸ்தீன் தம் மகன் அதேயோதாத்தோடு உரையாடுவதாக எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் நூலில், சொற்கள் ஒருவனுக்கு உண்மையை ஊட்டிவிட முடியாது. அவை அவனைத் தேடத் தூண்டலாம். உண்மையை அவன் தன் உள்ளத்தில் உறைபவரிடமே கண்டுகொள்கிறான் என்று வாதிடுகின்றார். புனித தோமா அக்குவீனாரோ ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிடுகின்றார். குணமாக்குவது இயற்கை, வைத்தியர் அதற்குத் துணை நிற்பவர். நான் அன்று செய்தது, நோயாளிக்குப் பதிலாக மருந்தை நானே குடித்த வேலை.

அப்படியானால் நன்மை தீமையை வகுப்பின் வாக்கெடுப்புக்கு விடுவதா என்று பெற்றோர் கேட்கலாம். இல்லை. நாத்தான் இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைத் தாவீது அரசனுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். அரசன் கோபங்கொண்டு தன் வாயாலேயே தீர்ப்புக் கூறிய பிறகுதான், அந்த மனிதன் யாரென்று சுட்டிக்காட்டினார். சொல்லும் உரிமையும் கடமையும் அவருக்கு இருந்தன. ஆனால் அவை அரசன் பேசிய பின்னரே பயன்பட்டன.

அடுத்த வகுப்பில் மக்லரனோடும் சற்றுப் பிணங்க வேண்டியதாயிற்று. அவர் தம் படத்தின் முடிவில், அயலானை நேசி என்பதைப் பல மொழிகளில் எழுதிக் காட்டுகின்றார். அந்த எழுத்துகள் வருமுன் நிறுத்திவிட்டேன். “என்ன கண்டீர்கள்? கண்டதை மாத்திரம் சொல்லுங்கள்” என்றேன். “அவன் எரிச்சல்காரன் பாதர்” என்றான் ஒருவன். எரிச்சலைக் கண்டாயா என்று கேட்டேன். யோசித்தான். “இல்லை, கையைத்தான் கண்டனான்.” இப்பயிற்சி மொழிப்பாடத்துக்கு உரியதென்றே எண்ணியிருந்தேன். அயலவனின் கையை மட்டும் கண்டுவிட்டு அவன் நெஞ்சைக் கண்டதாகச் சொல்வதற்கு, ஒப்புரவுத் தொட்டியில் நாம் வைத்திருக்கும் பெயர் வீண் தீர்ப்பு.

பின்பு வாதம் சூடுபிடித்தது. முதலில் வேலி போட்டது ஆர்? பூ ஆருடைய காணியில் முளைத்தது? மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். ஒரு சிறுமி, அதுவரை வாய் திறவாதவள், “முதல் ரெண்டு பேரும் ஒண்டாத்தானே மணந்து பாத்தவை, அப்ப வேலி இல்லைத்தானே” என்றாள். எனது பத்து நிமிடப் பிரசங்கத்தில் இது இருக்கவில்லை. முந்தின வகுப்பில் சிரித்த பையனிடமும் பிறகொரு நாள் கோபமின்றிக் கேட்டேன். “மட்டை வீடுதானே பாதர், அதுதான் சிரிச்சனான்” என்றான். சரியாகவே பார்த்திருக்கிறான், அவை மட்டையில் வெட்டிய வீடுகள்தாம்.

இங்கேதான் எனக்கு இன்னும் தீராத ஒரு சிக்கல் உண்டு. அந்த மட்டை வீடுகளின் பின்னே தாயும் குழந்தையும் இருக்கின்றனர். வெறிகொண்ட அயலவர் அவர்களையும் கொல்கின்றனர். இக்காட்சியைச் சிலர் பொறுக்கமாட்டாமல் எதிர்த்தபோது மக்லரன் அதை வெட்டிவிட இணங்கினார். வியட்நாம் போர்க் காலத்தில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. நானும் ஏழாந் தரத்துக்கு அதைத் தாண்டித்தான் ஓட்டினேன். ஆனால் அதை நீக்கினால் எஞ்சுவது மட்டை வீடும் சிரிப்பும் அல்லவா? சண்டை வேடிக்கையானது என்று பிள்ளைக்குக் கற்பித்தவன் நானாகிவிடுகிறேனே!

இப்போது ஒன்பதாந் தரத்திலிருந்தே முழுப் படத்தையும் காட்டுகிறேன், அதுவும் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்து. அப்படி அறிவித்த ஒரு நாள், 2009ஆம் ஆண்டில் வன்னியிலிருந்து வெளியேறிய ஒரு தாயார் என்னிடம் வந்தார். மறுப்புச் சொல்ல வருகிறார் என்றே நினைத்தேன். “நாங்கள் பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லேல்லை பாதர். எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. படம் முடிய அவை என்ன கதைக்கினமெண்டு நானும் பின்னுக்கு இருந்து கேக்கலாமோ?” என்றார்.

பின்வாங்கில் அவருக்கொரு கதிரை போட்டோம்.