ஆற்றைக் கடந்தோரும் கடவாதோரும்

1776 டிசெம்பர் 25ஆந் திகதி இரவு, ஜோர்ஜ் வாஷிங்டன் தலைமையில் ஏறத்தாழ 2,400 அமெரிக்க வீரர் பனிக்கட்டி மிதந்த டெலவெயர் நதியைக் கடந்தனர். மறுநாட் காலை, பிரித்தானியருக்காகப் போரிட்ட ஹெசியப் படையினர் ஏறத்தாழ 900 பேரை ட்ரென்டன் நகரிற் சிறைப்பிடித்தனர். அவர்கள் கடந்த இடத்தில் இன்று நதியின் இருமருங்கும், பென்சில்வேனியாவிலும் நியூ ஜேர்சியிலும், நினைவுப் பூங்காக்கள் உள்ளன. ஆண்டுதோறும் நத்தாரன்று அந்நிகழ்ச்சி படகுகளில் நடித்துக் காட்டப்படுகிறது. நதி பெருகினாலோ காற்று மிகுந்தாலோ கடத்தலைக் கைவிடுவதுமுண்டு. அதற்காக நடிப்போரை எவரும் கோழைகள் என்பதில்லை.

அவ்விரவு ஆற்றைக் கடக்க முற்பட்ட படைகள் மூன்று என்பதைப் பலர் எண்ணுவதில்லை. தென்புறத்தே யூவிங் என்பாரின் படை பனிக்கட்டியாற் கடக்கவியலாது நின்றது. அதற்குந் தெற்கே கட்வாலடர் காலாட்படையிற் சிலரைக் கரையேற்றியும், பீரங்கிகளைக் கொண்டுசெல்ல முடியாமையால் அவர்களைத் திருப்பியழைத்தார். வாஷிங்டனும் கடந்திருக்கமாட்டார் என்றே அவர் கருதினார். ஒரே நதி, ஒரே இரவு, ஒரே குளிர். எனின், புகழ் ஒருவருக்கே உரியதானது எங்ஙனம்?

துணிவே புகழுக்குக் காரணமெனின் அது மூவருக்கும் பொது. பயனே காரணமெனின், பனிக்கட்டிக்கும் அப்புகழிற் பங்குண்டு. தன் நோக்கத்தை நிறைவேற்ற இயலாதுபோயினும் நல்லெண்ணம் மதிப்பிழப்பதில்லை என்று 1785இல் வெளிவந்த தமது நூலிற் கான்ற் வாதிட்டார். வள்ளுவரும் படைச்செருக்கில், பெரிதை நாடிக் குறிதவறிய வேலையே உயர்த்துகிறார். ஆயினும் பிறர் உயிர்களைப் பணயம் வைக்கும் தளபதிக்கு எண்ணத்தூய்மை மட்டும் போதுமா? வாஷிங்டனின் படை திட்டமிட்ட நேரத்துக்குப் பல மணி பிந்தியே கரைசேர்ந்தது. விடியுமுன் தாக்கும் நோக்கம் கைகூடவில்லை. ஹெசியர் ஆயத்தமாயிருந்திருப்பின், அதே முடிவை வரலாற்றாசிரியர் மூடத்துணிவு என எழுதியிருப்பர். ஆகவே தளபதியின் தீர்ப்பை, முடிவெடுத்த வேளையில் அவர் அறியக்கூடியதாயிருந்தவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவையிற் கட்வாலடர் திரும்பியது குற்றமாகாது. 27ஆந் திகதி அவரும் ஆற்றைக் கடந்தார். அதற்குள் ட்ரென்டன் வெற்றி முடிந்துவிட்டது.

பென்சில்வேனியக் கரையில், அக்குளிர்காலத்துப் பாசறையில் நோயுற்று மாண்ட வீரரின் கல்லறைகள் உள. அவர்களுள் பீரங்கிப்படைக் கப்டன் ஜேம்ஸ் மூர் ஒருவரின் பெயரே அறியப்பட்டுள்ளது. படகுத்துறையைக் காண வருவோரிற் சிலரேனும் அங்கும் சென்று நிற்கின்றனர்.