அத்தையின் வளையல்

மாமனார் செத்ததற்கு மருமகள் இப்படி அழுவாளா என்று துக்கத்துக்கு வந்த சிலர் கேட்டார்கள். ஏன் அழக்கூடாது? பெற்றவர் மேல் பாசம் பிறந்த நாளிலிருந்தே ஒட்டிக்கொள்கிறது. மாமனார் மேல் பாசம் அப்படி வராது. அவர் நம்மை நடத்திய விதத்தைப் பார்த்துத்தான் வரும். என் மாமனார் அதைச் சம்பாதித்தார்.

மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். ஓய்வு பெற்ற பின்னும் விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். நான் சுங்கை பட்டாணிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வருவார். மருமகளுக்கு மாமனார் காவலா என்று சிலர் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை, மறுநாளும் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்குத் தமிழ் நேசனை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனதும் வேறொன்றை வாங்கி வந்து படித்தார். படிப்பது நிற்கவில்லை. ஊழியர் சேமநிதிப் பாரத்தில் அவர் எழுதிக் கொடுத்திருந்த ஒரே பெயர் அத்தையுடையது.

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில் அவர் சாம்பலைக் கரைத்தோம். கரையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பந்தாய் மெர்டேக்காவுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது. "மேலேயிருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாரு" என்று உறவினர் ஒருவர் தேற்றினார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அவர் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் மாட்டார். தவறு நடந்தால் தட்டிக்கேட்க அவர் வரமாட்டார் என்பதால்தானே, இருக்கிற நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது?

கேட்க வேண்டிய நேரம் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்திய இரவே வந்தது. அத்தையைக் குளிப்பாட்டி, பட்டுச்சேலை உடுத்தி, தலை கொள்ளாமல் பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்க வேண்டுமாம். பிறகு பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட வேண்டுமாம். தட்டும் பூவும் பாலும் தயாராக இருந்தன. அத்தையிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன். "உங்களுக்கு இது வேணுமா அத்தை?"

"வளையல் அவர் வாங்கிப் போட்டது. நான் ஏன்மா உடைக்கணும்?" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. கூடத்தில் கூச்சல் எழுந்தது. இறந்தவர் ஆத்மா சாந்தியடையாது என்றார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் கூட வாழ்ந்தவளை நாலுபேர் நடுவில் அவமானப்படுத்தினால்தான் ஒருவருக்குச் சாந்தி கிடைக்கும் என்றால், அவரை எவ்வளவு கேவலமான மனிதர் என்று நினைக்கிறீர்கள்? உயிரோடிருந்தபோது அத்தை கையில் ஒரு கீறல் விழுந்தால் பதறியவரின் பெயரால் அந்தக் கையிலேயே கண்ணாடி உடைப்பீர்களா? இதற்குப் பெயர் மரியாதையா?

உரக்கப் பேசியவர்களில் ஆண்கள் குறைவு. "எனக்கும்தான் செஞ்சாங்க, நான் தாங்கிக்கலையா?" என்று கேட்டவர், முப்பது வயதில் கணவனை இழந்த பெண்மணி. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இரவு தேவையே இல்லாத கொடுமை என்று ஒப்புக்கொண்டால், அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் முன்னால் நிற்காமல் அடுப்படியிலேயே கழிந்த காலத்துக்கு அவர் யாரிடம் கணக்குக் கேட்பார்? பட்டவரையே அடுத்தவருக்குக் காவலாளி ஆக்கிவிடுவதால்தான் இந்த வழக்கம் சாகாமல் கிடக்கிறது. அவர் தாங்கிக்கொண்டார் என்பது அவருடைய பலம். அதை வழக்கத்தின் நியாயமாக எப்படி எடுத்துக்கொள்வது?

"காலங்காலமா வர்றதை மாத்த முடியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கெடாவிலிருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடையும் காலங்காலமாக இருந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். சம்பளப் பணம் கள்ளுக்கடையில் கரைவதையும் வீட்டுப் பெண்கள் அடிபடுவதையும் பொறுக்காமல் தோட்டத்து இளைஞர்கள் கடைகளை மறித்து நின்றார்கள். 1947இல் போலீஸ் அடக்குமுறையில் தொழிலாளர் உயிரே போனது. எந்த வானமும் இறங்கி வந்து அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. அடிபடும் மனைவியைக் கண்ணால் பார்த்தார்கள், போதும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் பாலைக் கீழே வைக்கத் துணிவில்லையா?

1929இல் மலாயாவுக்கு வந்து பேசிய பெரியார், அதற்கு இருபது ஆண்டு முன்பே, சிறுமியாக விதவையான தன் தங்கை மகளுக்கு, உறவினர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்து வைத்தவர். மேடையில் சொல்வதற்கு முன் வீட்டில் செய்தார். மேடையில் அவரைப் புகழ்ந்துவிட்டு வீட்டில் தாலி கழற்றும் தட்டை எடுத்துக்கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம்தான் எனக்குக் கேள்வி அதிகம்.

சட்டம்கூட நம்மை முந்திவிட்டது. பெற்றோர் இல்லாத முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு தருகிறது. மிச்சத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சொத்தில் சமமான மகள் கொள்ளிச்சட்டி தூக்க மட்டும் எப்படித் தகுதியற்றவள் ஆகிறாள்? கடைசி இரண்டு ஆண்டுகள் மாமனாருக்குச் சோறூட்டி, புண் கழுவியவள் அவர் மகள். சுடுகாட்டு வாசலில் "பொம்பளைங்க இதோட நில்லுங்க" என்று அவளைத்தான் நிறுத்தினார்கள்.

அத்தை வளையலோடு இருக்கிறார். பொட்டு வைக்கிறார். மாலையில் பேரன் பத்திரிகை படிக்க, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்து பேத்தியின் பரிசம் வருகிறது. மஞ்சள், குங்குமம், பூ வைத்த முதல் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கப்போவது அவர்தான். இரண்டாவது தட்டோடு அவருக்குப் பின்னால் வர நீங்கள் தயாரா?